‘ஸிந்தீக்’ என்றால் யார்? பழைய பாக்தாதின் ஒரு குற்றச்சாட்டைப் புரிந்துகொள்ள

பஸ்ரா நகரத்தில் ஓர் ஓசிச் சாப்பாட்டுக்காரன் இருந்தான். அழையாத விருந்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிடுவதையே பிழைப்பாக வைத்திருப்பவனை அரபியில் ‘துஃபைலி’ என்பார்கள். ஒருநாள் பத்துப் பேர் கூட்டமாக நடந்து போவதைப் பார்த்தான். இத்தனை பேர் சேர்ந்து போனால் விருந்தைத் தவிர வேறு என்னவாக இருக்கும்? சத்தமில்லாமல் பதினோராவது ஆளாகச் சேர்ந்துகொண்டான். ஆற்றங்கரையில் படகு நின்றது. உல்லாசப் பயணம் வேறா என்று குஷியாகி ஏறி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் விலங்குகள் வந்தன. பதினொரு பேருக்கும் மாட்டினார்கள்.

படகு பாக்தாதுக்குப் போனது. கலீஃபா மஃமூன் முன்னால் நிறுத்தினார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒரு படத்தைக் காட்டி ‘இதன்மேல் துப்பு’ என்றார்கள். ஒரு பறவையைக் கொடுத்து ‘இதை அறு’ என்றார்கள். பத்துப் பேரும் மறுத்தார்கள். பத்துத் தலைகளும் விழுந்தன. பட்டியல் முடிந்த பிறகும் ஒருவன் மிச்சம் நின்றான். ‘நீ யார்?’ என்று கேட்டதற்கு, ‘இவர்களுடைய சங்கதியில் ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் என் பெண்டாட்டி தலாக் ஆகிப்போகட்டும்! நான் சோற்றுக்கு வந்தவன்’ என்று அலறினான். கலீஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் தப்பினான்.

மஸ்ஊதி என்ற வரலாற்றாசிரியர் இதை எழுதியபோது மஃமூன் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான். ஆனால் அதிலுள்ள சோதனைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. படத்தில் இருந்தவர் மானி. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பாபிலோன் பகுதியில் ஒரு மதத்தைத் தொடங்கியவர். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போர்தான் உலகம் என்பது அவர் போதனை. அந்த மதத்தின் துறவிகள் உயிர்க்கொலை செய்யக் கூடாது. செடியைப் பிடுங்குவதுகூடப் பாவம். எனவே வெளியே முஸ்லிமாக நடமாடிக்கொண்டு உள்ளே மானியைப் பின்பற்றும் ஒருவர் படத்தில் துப்பவும் மாட்டார், பறவையை அறுக்கவும் மாட்டார். அந்தப் பத்துப் பேர்மீதும் இருந்த குற்றச்சாட்டுக்குப் பெயர் ‘ஸந்தகா’. அந்தக் குற்றத்தைச் செய்தவர் ‘ஸிந்தீக்’.

ஒருவருடைய உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை வெளியே இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? தொடக்க கால இஸ்லாத்தில் எழுந்த இந்த வகைக் குற்றச்சாட்டு ஒவ்வொன்றும் கடைசியில் இந்த இடத்தில் வந்துதான் முட்டிக்கொண்டது. படமும் பறவையும் அதற்குக் கிடைத்த ஒரு விடை. வேறு விடைகளும் இருந்தன. சில இதைவிட மென்மையானவை, சில இதைவிடக் கொடியவை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ‘ஸிந்தீக்’ அரபிச் சொல்லே அல்ல. பழைய பாரசீக மொழியின் ‘ஸந்தீக்’ என்பதிலிருந்து வந்தது. ஈரானின் பழைய மதத்தவரான ஸோராஸ்டிரியரின் வேதம் அவெஸ்தா. அதற்கு எழுதிய உரை ‘ஸந்த்’. மூலத்தை விட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்கு உரை சொல்பவன் ஸந்தீக் என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. எப்படியிருந்தாலும், ஸோராஸ்டிரியக் குருமார்கள் மானியின் ஆட்களைத் திட்டுவதற்குப் புழங்கிய சொல் இது. கார்த்தீர் என்ற தலைமைக் குரு ஈரானின் நக்ஷி ருஸ்தமில் 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார். தான் ஒடுக்கிய கூட்டங்களை அதில் பெருமையாக வரிசைப்படுத்துகிறார்: யூதர், ஷமன்கள், பிராமணர், கிறிஸ்தவர், ஸந்தீக்குகள்... இதிலுள்ள ‘ஷமன்’ வேறொன்றுமில்லை, நம் ‘சமணர்’ என்ற சொல்லின் உடன்பிறப்புதான். அங்கே அது பௌத்தரைக் குறித்தது. கார்த்தீரின் சாம்ராஜ்யத்தை 7ஆம் நூற்றாண்டில் அரபுகள் கவிழ்த்தார்கள். சாம்ராஜ்யம் போனாலும் வசைச்சொல் தங்கிவிட்டது. பிற்பாடு வென்றவர்களே அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறு சில சொற்களும் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம்களுக்கு இவை பழக்கமானவை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காபிர் என்பவர் இஸ்லாத்தை ஏற்காதவர். முனாபிக் என்பவர் வாயால் ஏற்று மனதால் மறுக்கும் நயவஞ்சகர். முர்தத், ஏற்றுவிட்டு வெளிப்படையாக விலகிப்போனவர். மார்க்கத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாக நுழைப்பது பித்அத். நுழைப்பவர் முஸ்லிம்தான், ஆனால் தடம் மாறியவர். ஒரு முஸ்லிமைப் பார்த்து ‘நீ முஸ்லிமே இல்லை’ என்று அறிவிப்பதற்குத் தக்ஃபீர் என்று பெயர். ஸிந்தீக் இவற்றில் எதற்குள்ளும் முழுதாக அடங்காது. ஆரம்பத்தில் மானி மதத்தவர், பிறகு பொதுவாக முஸ்லிம் வேடம் போட்டவர், அதற்கும் பிறகு எகத்தாளம் பேசும் கவிஞர், அதிகமாகத் தர்க்கம் செய்யும் அறிஞர் என்று அந்தச் சொல் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போனது.

தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய நூல்களில் ‘பதிதர்’, ‘தப்பறை’ என்ற சொற்கள் வரும். அவற்றுக்குப் பின்னால் திருச்சபை இருக்கிறது, பாப்பரசர் இருக்கிறார், எது தப்பறை என்று வாக்கெடுத்து முடிவுசெய்யும் சங்கம் இருக்கிறது. இஸ்லாத்தில் அப்படிப்பட்ட அமைப்பு கிடையாது. எனவே ‘இவன் வழிகெட்டவன்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு? கலீஃபாவுக்கா, நீதிபதி காஜிக்கா, நபிமொழிகளைத் திரட்டும் ஹதீஸ் அறிஞருக்கா, தெருவில் கூடும் ஜனங்களுக்கா? நான்கு தரப்புமே அந்த உரிமையைக் கோரின.

நபிகள் நாயகத்தின் காலத்திலேயே இந்தச் சிக்கல் தலைகாட்டிவிட்டது. உஸாமா என்ற இளம் தோழர் ஒரு சண்டையில் எதிரியை மடக்கிவிட்டார். அவன் ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ என்று கலிமாவைச் சொன்னான். உஸாமா நம்பவில்லை, வெட்டிவிட்டார். சேதி நபிகளுக்குப் போனது. ‘ஆயுதத்துக்குப் பயந்துதான் சொன்னான்’ என்றார் உஸாமா. ‘அவன் உள்ளத்தைப் பிளந்து பார்த்தாயா?’ என்று கேட்டார் நபிகள். திரும்பத் திரும்பக் கேட்டார். இன்றைக்குத்தான் இஸ்லாத்தை ஏற்றிருந்தால், இந்தப் பாவம் கணக்கில் வராமல் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று உஸாமா நினைக்கும் அளவுக்குக் கேட்டார். மதீனாவில் நயவஞ்சகர்களின் தலைவர் என்று ஊருக்கே தெரிந்த அப்துல்லாஹ் இப்னு உபையைக் கொல்லவா என்று தோழர் உமர் அனுமதி கேட்டபோதும் நபிகள் மறுத்தார். முஹம்மது தன் தோழர்களையே கொல்கிறார் என்று மக்கள் பேசுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அப்துல்லாஹ் தன் படுக்கையில்தான் இறந்தார்.

632இல் நபிகள் மறைந்ததும் பல கோத்திரங்கள் விலகின. சில வேறு நபிகளைத் தேடிக்கொண்டன; சில தொழுவோம், ஆனால் ஸகாத் வரியை மதீனாவுக்குக் கட்ட மாட்டோம் என்றன. கலிமா சொல்பவர்களோடு எப்படிப் போரிடுவது என்று உமரே தயங்கினார். முதல் கலீஃபா அபூபக்ர் தயங்கவில்லை. அந்தப் போர்களில் மதம் எங்கே முடிகிறது, அரசு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

உண்மையான வெடிப்பு 657இல் நிகழ்ந்தது. யூப்ரடீஸ் கரையில் ஸிஃப்பீன் என்ற இடத்தில் கலீஃபா அலீயின் படையும் சிரியாவின் ஆளுநர் முஆவியாவின் படையும் மோதின. முஆவியாவின் வீரர்கள் ஈட்டி முனையில் குர்ஆன் பிரதிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். மத்தியஸ்தம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. அலீ ஒப்புக்கொண்டார். அவருடைய படையிலேயே ஒரு கூட்டம் கொதித்தது. தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது, மனிதர்களை நடுவராக வைத்தவன் காபிர் என்று கூவிக்கொண்டு அவர்கள் வெளியேறினார்கள். அதனால் அவர்களுக்குக் கவாரிஜ் என்று பெயர். வெளியேறியவர்கள் என்று பொருள். அவர்கள் கோஷத்தைக் கேட்ட அலீ, ‘சொல் சரியான சொல்தான், அதைக்கொண்டு நாடுவதுதான் தவறு’ என்றாராம்.

கவாரிஜ்களின் கணக்கு எளிமையானது. பெரும்பாவம் செய்தவன் முஸ்லிம் அல்ல. உள்ளத்தைப் பார்க்க முடியாதா, செயலைப் பார். பழைய வரலாறுகள் சொல்லும் ஒரு காட்சி என்னை எப்போதும் திடுக்கிட வைக்கும். நஹ்ரவான் கால்வாய்ப் பக்கம் அவர்கள் ஒரு நபித்தோழரின் மகனான அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும் அவருடைய நிறைமாதக் கர்ப்பிணி மனைவியையும் பிடித்தார்கள். கூட்டிக்கொண்டு போகும் வழியில் மரத்திலிருந்து ஒரு பேரீச்சம்பழம் விழுந்தது. ஒருவன் எடுத்து வாயில் போட்டான். ‘விலை கொடுக்காமல் எப்படித் தின்பாய்?’ என்று தோழர்கள் கண்டித்ததும் துப்பிவிட்டான். இன்னொருவன் ஒரு கிறிஸ்தவருடைய பன்றியை வெட்டிவிட்டான். உரியவரைத் தேடிப் போய் ஈடு கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்த்த அப்துல்லாஹ், இவ்வளவு நேர்மையான ஆட்களிடம் எனக்கு என்ன பயம் என்று சொன்னார். அலீயைப் பற்றிக் கேட்டார்கள். நல்லவர் என்றார். ஆற்றங்கரையில் வைத்துக் கழுத்தை அறுத்தார்கள். மனைவியையும் விடவில்லை.

658இல் அலீ நஹ்ரவானில் அவர்களை நொறுக்கினார். அவர்கள் காபிர்களா என்று கேட்டவர்களிடம், ‘குஃப்ரிலிருந்து (காபிர் நிலையிலிருந்து) தப்பி ஓடியவர்கள்’ என்று பதில் சொன்னாராம். தன்னைக் காபிர் என்றவர்களை அவர் திருப்பிக் காபிர் என்று சொல்லவில்லை. 661இல் கூஃபாவின் பள்ளிவாசலில் அவர்களில் ஒருவனுடைய வாள்தான் அவர் உயிரைக் குடித்தது.

இந்த ரத்தத்திலிருந்துதான் இஸ்லாமிய இறையியலே பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. பாவம் செய்த முஸ்லிம் யார்? தீர்ப்பை மறுமைக்குத் தள்ளிவைப்போம், அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றது ஒரு கூட்டம். தள்ளிவைப்பவர்கள் என்பதால் அவர்கள் முர்ஜிஆ. பஸ்ராவில் ஹஸன் பஸ்ரி என்ற பெரியவரின் வட்டத்தில் இதே கேள்வி வந்தபோது, வாஸில் இப்னு அதா என்ற மாணவர் எழுந்து, அவன் முஃமினும் (நம்பிக்கையாளனும்) இல்லை காபிரும் இல்லை, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கிறான் என்றாராம். சொல்லிவிட்டு வேறொரு தூணடியில் போய் உட்கார்ந்தார். ஒதுங்கிக்கொண்டவர்கள் என்ற பொருளில் முஃதஸிலா என்ற பெயர் அப்படி வந்தது என்பது பாரம்பரியக் கதை.

வாஸிலுக்கு ‘ர’ வராது. நாக்கு ஒத்துழைக்காது. ஆனால் மனிதர் பெரும் பேச்சாளர். ‘ர’ இல்லாத சொற்களாகவே தேர்ந்தெடுத்து மணிக்கணக்கில் பேசிவிடுவார். பஷ்ஷார் என்ற குருட்டுக் கவிஞரைத் தாக்கி அவர் பேசிய பேச்சு பிரபலமானது. ‘இந்தக் குருட்டு முல்ஹிதைக் கொல்ல யாருமே இல்லையா?’ என்று கேட்டார். காபிர் என்று சொல்லியிருக்கலாம். அதில் ‘ர’ வருகிறது. அதனால் முல்ஹித், அதாவது மார்க்கம் தவறியவன். பஷ்ஷார் இப்னு புர்த் என்ற பெயரில் இரண்டு ‘ர’. அதனால் அபூ முஆத் என்ற பட்டப்பெயரால் குறிப்பிட்டார். ஓர் உயிரைக் கேட்கும் பேச்சில் எழுத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பின்னால் வந்த இலக்கியக்காரர்கள் ரசித்து ரசித்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

முஆவியாவின் வம்சமான உமையாக்கள் காலத்திலும் கொள்கைக்காகச் சில தலைகள் உருண்டன. மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டு என்று பேசியவர்கள் அதில் அடிபட்டார்கள். எல்லாம் அல்லாஹ்வின் விதிப்படி என்றால் எங்கள் ஆட்சியும் விதிப்படிதானே என்று சொல்லிக்கொள்வது ஆள்பவர்களுக்கு வசதி. அந்த வசதியில் இவர்கள் கைவைத்தார்கள். ஆனால் வேட்டை ஓர் அரசு இலாகாவாக மாறியது அப்பாசியர் காலத்தில்தான்.

750இல் உமையாக்களைக் கவிழ்த்துவிட்டு அப்பாசியர் ஆட்சியைப் பிடித்தார்கள். 762இல் பாக்தாதைக் கட்டத் தொடங்கினார்கள். கணக்கு எழுத, கடிதம் எழுத, வரி வசூலிக்க ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் பாரசீகக் குடும்பங்களிலிருந்து வந்த எழுத்தர்கள். புதிதாக முஸ்லிம் ஆனவர்கள், அரபியை அரபுகளைவிட நன்றாக எழுதுபவர்கள், பழைய ராஜாக்களின் கதைகள் தெரிந்தவர்கள். அவர்கள்மீது பொறாமையும் சந்தேகமும் சம அளவில் இருந்தன. இப்னுல் முகஃப்பஃ அப்படி ஒருவர். நம் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாகப் போய், அவர் கையால்தான் ‘கலீலா வ திம்னா’ என்று அரபியில் வந்தன. கலீஃபா மன்சூரின் சித்தப்பாவுக்காக ஓர் உயிர்ப்பாதுகாப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கலீஃபா வாக்கு மீறினால் அவர் மனைவியர் தலாக், அடிமைகள் விடுதலை, மக்கள் அவருக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று ஓட்டையே இல்லாமல் எழுதினார். மன்சூர் அதை மறக்கவில்லை. 757ஐ ஒட்டி பஸ்ராவின் ஆளுநர் அவரைக் கொடூரமாகக் கொன்றார். இறந்த பிறகு அவர் பெயரோடு ஸிந்தீக் பட்டம் ஒட்டிக்கொண்டது. பத்திரம் எழுதியதற்காகக் கொன்றார்கள் என்பதைவிட அது கேட்க நன்றாக இருந்திருக்கும்.

மன்சூரின் மகன் மஹ்தி 775 முதல் 785 வரை ஆண்டார். 779இல் பைசாந்திய ரோமானியரோடு போருக்குப் போகும் வழியில் அலெப்போ பக்கத்து ஸிந்தீக்குகளைத் திரட்டிக் கொண்டுவரச் சொல்லிக் கொன்றார். அவர்களுடைய நூல்களைக் கத்தியால் நறுக்கினார்கள். 783 வாக்கில் இதற்கென்றே ஓர் அதிகாரியை நியமித்தார். ‘ஸிந்தீக்குகளின் பொறுப்பாளர்’ என்பது பதவியின் பெயர். உமர் அல்-கல்வாதி என்பவர் அதில் உட்கார்ந்தார். யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் ஜிஸ்யா வரி கட்டிவிட்டுத் தங்கள் மதத்தில் இருக்க வழி இருந்தது. ஸோராஸ்டிரியருக்கும் நடைமுறையில் கிடைத்தது. மானி மதத்தவருக்கு அந்தக் குடை இல்லை. எனவே அவர்கள் மறைந்திருந்தார்கள்; மறைந்திருப்பதே குற்றத்துக்குச் சாட்சியும் ஆகியது. பிடிபட்டவர்களில் நிஜமாகவே மானியை நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வலை வீசியவர்களுக்கு வேறு மீன்களும் வேண்டியிருந்தன.

மஹ்தியின் வஸீர் அபூ உபைதுல்லாஹ். நேர்மையான, திறமையான அமைச்சர். அரண்மனை வாயிலைக் காத்த ரபீஃ என்பவருக்கு அவரைக் கவிழ்க்க வேண்டும். ஆளிடம் குறை கிடைக்கவில்லை. மகனைப் பிடித்தார்: உங்கள் வஸீரின் மகன் ஸிந்தீக் என்று கலீஃபாவின் காதில் போட்டார். மகனைக் கூப்பிட்டு, குர்ஆன் ஓது என்றார் மஹ்தி. ஓத வரவில்லை. ‘உன் மகனுக்குக் குர்ஆன் மனப்பாடம் என்று சொன்னாயே’ என்று தகப்பனிடம் திரும்பினார். ‘சில வருஷமாக என்னைப் பிரிந்திருக்கிறான், மறந்துவிட்டான்’ என்றார் அவர். ‘எழுந்திரு, அவன் ரத்தத்தால் அல்லாஹ்வை நெருங்கு’ என்றார் கலீஃபா. கிழவர் எழுந்தார். கால் தடுக்கி விழுந்தார். பக்கத்திலிருந்தவர்கள் பரிந்து பேசியதில் அவரை விட்டுவிட்டு வேறொருவரை வெட்டச் சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்து ரபீஃ மறுபடி வந்தார்: மகனைக் கொன்றீர்கள், தகப்பனை எப்படி நம்பி அருகில் வைத்திருக்கிறீர்கள்? வஸீரின் கதை முடிந்தது.

அந்த இடத்துக்கு உயர்ந்தவர் யஃகூப் இப்னு தாவூத். அவர் காலத்தில் பலியானவர் வாஸில் திட்டிய அதே பஷ்ஷார். பிறவிக் குருடர், பாரசீக வம்சம், அரபிக் கவிதையின் போக்கையே மாற்றியவர், வாய் அடங்காதவர். மண் இருண்டது, நெருப்பு ஒளிர்வது, நெருப்பு தோன்றிய நாளிலிருந்து வணங்கப்பட்டே வருகிறது என்று அவர் பாடியதாக ஓர் ஈரடி உண்டு. ஸிந்தீக் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்த ஈரடியை வைத்துக்கொண்டுதான் அவர் பல வருஷம் அரண்மனைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவரை முடித்தது இன்னொரு கவிதை. உமையாக்களே எழுந்திருங்கள், கலீஃபா இப்போது யஃகூப் இப்னு தாவூத். அல்லாஹ்வின் கலீஃபாவைத் தேடுகிறீர்களா, மதுத்துருத்திக்கும் யாழுக்கும் நடுவில் பாருங்கள் என்றது அது. 784 வாக்கில் சாட்டையடி. அடி விழும்போது வலியில் முனகினார். ‘பாருங்கள், பிஸ்மில்லாஹ் சொல்ல மாட்டேன் என்கிறான், ஸிந்தீக்!’ என்றான் ஒருவன். ‘பிஸ்மி சொல்லித் தொடங்க இதென்ன சாப்பாடா?’ என்றார் பஷ்ஷார். ‘அல்ஹம்துலில்லாஹ் என்றாவது சொல்லலாமே’ என்றான் இன்னொருவன். ‘நன்றி சொல்ல இதென்ன அருட்கொடையா?’ அந்த அடியிலேயே இறந்தார். யஃகூபும் நிலைக்கவில்லை, வேறொரு குற்றத்துக்காகப் பாதாளச் சிறையில் தள்ளப்பட்டார், வெளியே வந்தபோது கண்பார்வை போயிருந்தது.

மனம் திருந்திவிட்டேன் என்று ஸிந்தீக் சொன்னால்? அங்கேதான் சட்ட அறிஞர்கள் பிரிந்தார்கள். இமாம் மாலிக் ஏற்கவில்லை: வேஷம் போடுவதே அவன் மதம், திருந்தினேன் என்பதும் வேஷம் இல்லை என்று எப்படித் தெரியும்? இமாம் ஷாஃபி ஏற்றார்: நயவஞ்சகர்களின் வெளித்தோற்றத்தை நபிகளே ஏற்றுக்கொண்டார், உள்ளம் அல்லாஹ்வின் கணக்கு, நமக்கு வாய்ச்சொல் போதும். ஸாலிஹ் இப்னு அப்துல் குத்தூஸ் என்ற முதிய கவிஞரின் கதை இந்த இடைவெளியில் விழுந்தது. பேச்சில் மயங்கி மஹ்தி அவரை விடுவித்துவிட்டாராம். வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பக் கூப்பிட்டார். ‘கல்லறை மண்ணில் புதையும்வரை கிழவன் தன் பழக்கத்தை விடமாட்டான் என்று பாடியது நீதானே?’ ‘ஆம்.’ ‘அப்படியானால் நீயும் விடமாட்டாய்.’ பாக்தாதின் பாலத்தில் உடலைத் தொங்கவிட்டார்கள்.

அடுத்த அரை நூற்றாண்டில் திசை மாறியது. இதுவரை மாட்டியவர்கள் கவிஞர்களும் எழுத்தர்களும். இனி மாட்டியவர்கள் மார்க்க அறிஞர்களே.

மஃமூன் புத்திசாலிக் கலீஃபா. தர்க்கத்தில் பிரியம், முஃதஸிலாக்களிடம் நெருக்கம். குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு, சரி. அந்தப் பேச்சு படைக்கப்பட்டதா, அவனோடு என்றென்றும் இருந்ததா? என்றென்றும் இருந்தது என்றால் அல்லாஹ்வைத் தவிர இன்னோர் அனாதியும் வந்துவிடுகிறது. ஈஸா (இயேசு) இறைவனின் வார்த்தை, படைக்கப்படாதவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதைப் போல ஆகிவிடுகிறது என்று அவர் கடிதத்தில் எழுதினார். 833இல் பாக்தாதின் பொறுப்பாளர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்கு உத்தரவு வந்தது: காஜிகளையும் ஹதீஸ்காரர்களையும் கூப்பிட்டு விசாரி. இந்த விசாரணைக்கு ‘மிஹ்னா’ என்று பெயர். சோதனை என்று பொருள். பிஷ்ர் இப்னுல் வலீத் என்ற காஜியை விசாரித்தது இப்படிப் போனது:

குர்ஆனைப் பற்றி என்ன சொல்கிறீர்? ‘குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு.’ அதைக் கேட்கவில்லை, அது படைக்கப்பட்டதா? ‘அல்லாஹ் எல்லாப் பொருளையும் படைத்தவன்.’ குர்ஆன் ஒரு பொருள் இல்லையா? ‘பொருள்தான்.’ அப்படியானால் படைக்கப்பட்டது? ‘அது படைப்பவன் இல்லை.’ அதைக் கேட்கவில்லை, படைக்கப்பட்டதா? ‘சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.’

வக்கீல்கள் படித்து மகிழலாம். கலீஃபா மகிழவில்லை, இன்னும் கடுமையான கடிதம் வந்தது. நெருக்கடி முற்றியதும் ஏறக்குறைய எல்லாரும் தலையாட்டினார்கள். நான்கு பேர் மறுத்தார்கள், விலங்கு மாட்டினார்கள். மறுநாள் ஒருவர் இறங்கி வந்தார். அதற்கும் மறுநாள் இன்னொருவர். மிஞ்சியவர்கள் ஹதீஸ் அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பலும் முஹம்மது இப்னு நூஹும். போர்முனையிலிருந்த கலீஃபாவிடம் இருவரையும் அனுப்பினார்கள். போய்ச் சேரும் முன்பே மஃமூன் இறந்த சேதி வந்தது. திரும்பும் வழியில் இப்னு நூஹும் இறந்தார். அஹ்மத் சிறையில் கிடந்தார். அடுத்த கலீஃபா முஃதஸிம் சாட்டையால் அடிக்க வைத்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, குர்ஆனிலிருந்தோ நபிவழியிலிருந்தோ ஓர் ஆதாரம் கொடுங்கள், ஒப்புக்கொள்கிறேன் என்பதுதான். பஷ்ஷார் அடிபட்டபோது சிரிப்புக் கதை பிறந்தது. அஹ்மத் அடிபட்டபோது ஓர் இமாம் பிறந்தார்.

845இல் லாமோஸ் ஆற்றங்கரையில் ரோமானியரோடு கைதிப் பரிமாற்றம் நடந்தது. எதிரியிடம் சிறைப்பட்டிருந்த முஸ்லிம் வீரர்களிடம் கலீஃபா வாஸிக்கின் ஆட்கள் கேட்டது: குர்ஆன் படைக்கப்பட்டதா? ஆம் என்றவர்களை மீட்டார்கள். இல்லை என்றவர்கள் ரோமானியரிடமே விடப்பட்டார்கள். வருஷக்கணக்கில் அந்நிய நாட்டில் அடைபட்டுக் கிடந்து, அக்கரையில் ஊர்க்காரனைப் பார்த்துக் கண்ணீர் விட்ட ஒரு சிப்பாய் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டிருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

847இல் வந்த முதவக்கில் சில ஆண்டுகளில் மிஹ்னாவை நிறுத்தினார். ஊசல் மறுபக்கம் போனது. குர்ஆன் படைக்கப்பட்டது என்பவன்தான் காபிர் என்று இப்போது தெரு சொன்னது. அஹ்மத் இப்னு ஹன்பலின் வழிவந்த ஹன்பலிகள் பாக்தாதில் பெருங்கூட்டமானார்கள். எது சரியான நம்பிக்கை என்று உத்தரவு போடும் அதிகாரத்தைக் கலீஃபாக்கள் பெரும்பாலும் இழந்தார்கள். அது அறிஞர்களிடமும் அவர்கள் பின்னால் நின்ற ஜனங்களிடமும் போய்ச் சேர்ந்தது.

ஹல்லாஜை எல்லாருக்கும் தெரியும். ‘அனல் ஹக்’, நானே மெய்ப்பொருள் என்று சொன்னதற்காகக் கொல்லப்பட்ட சூஃபி. ஆனால் தீர்ப்பில் அந்த வாக்கியம் இல்லை. அதற்கு முன்பே, இவரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டபோது ஷாஃபி அறிஞர் இப்னு ஸுரைஜ், இந்த மனிதரின் நிலை எனக்கு மறைவானது, எதுவும் சொல்ல மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார். ஒன்பது வருஷம் அரண்மனைக் காவலில் இருந்தார் ஹல்லாஜ். வஸீர் ஹாமிதுக்கு அவர் தலை வேண்டும். ஹல்லாஜுக்குப் பரிவு காட்டியவர்கள் ஹாமிதின் அரசியல் எதிரிகளும்கூட. தேடித் தேடி ஒரு தாள் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போக முடியாதவர் வீட்டில் ஓர் அறையைச் சுத்தமாக வைத்து, ஹஜ் நாட்களில் அதைச் சுற்றி வந்து, முப்பது அநாதைகளுக்குச் சோறு போட்டுத் துணி கொடுத்தால் போதும் என்று அதில் இருந்தது. ‘இது எங்கிருந்து எடுத்தாய்?’ என்று காஜி அபூ உமர் கேட்டார். ஹஸன் பஸ்ரியின் நூலிலிருந்து என்றார் ஹல்லாஜ். ‘பொய் சொல்கிறாய், ரத்தம் ஆகுமாக்கப்பட்டவனே! அந்த நூலை மக்காவில் கேட்டிருக்கிறோம், இது அதில் இல்லை’ என்று காஜி எரிச்சலில் சொல்லிவிட்டார். ரத்தம் ஆகுமாக்கப்பட்டவன் என்றால் கொல்லப்படத் தக்கவன். ஹாமித் பிடித்துக்கொண்டார்: ‘அதை எழுதும்.’ காஜி பேச்சை மாற்றப் பார்த்தார். ஹாமித் விடவில்லை, மைக்கூட்டை அவர் முன்னால் தள்ளினார். காஜி எழுதினார். மற்றவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். 922 மார்ச் 26 அன்று தண்டனை நிறைவேறியது.

அதற்கு மறுவருஷம், 923இல், தபரி இறந்தார். அலெப்போவில் நறுக்கிய நூல்கள், கால் தடுக்கி விழுந்த வஸீர், பிஷ்ரின் மழுப்பல், லாமோஸ் கைதிகள் எல்லாம் இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் எழுதிவைத்த வரலாற்றால்தான். குர்ஆனுக்கு மாபெரும் விரிவுரை எழுதியவரும் அவரே. ஆனால் அஹ்மத் இப்னு ஹன்பலை அவர் ஹதீஸ் அறிஞராக மட்டும் பார்த்தார், சட்ட அறிஞராகக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஹன்பலிகளுக்குக் கோபம். ஷியாச் சார்பு என்றார்கள், முல்ஹித் என்றார்கள். முல்ஹித் செய்யும் குற்றம் இல்ஹாத். கூட்டம் திரண்டு பகலில் அடக்கம் செய்ய விடவில்லை என்று ஒரு வரலாறு சொல்கிறது. இரவில், அவருடைய வீட்டுக்குள்ளேயே அடக்கினார்கள். ஹாமிதின் எதிரணியில் இருந்த பழைய வஸீர் அலீ இப்னு ஈஸா சொன்னாராம்: ‘இவர்களிடம் போய் இல்ஹாத் என்றால் என்ன என்று கேட்டால், அல்லாஹ்மீது ஆணையாக, ஒருவருக்கும் தெரியாது.’